எஞ்சியிருந்த ஒரு வளவு

"அங்க பார்க்கிறதுக்கு ஒண்டுமே இல்ல வாப்பா. கல்லும் மரமும்தான்" என்றான் மகன்.

அவன் நாகோயா நகரில் வேலை பார்க்கிறான். நான் அவனிடம் போயிருந்த ஒரு நவம்பர் மாதம் அது. அதற்குள் ஹிமேஜி, ஒஸாகா, நாகோயா என்று பெயர்பெற்ற கோட்டைகளுக்கெல்லாம் என்னைக் கூட்டிச் சென்றுவிட்டான். வெள்ளைச் சுவர், அடுக்கடுக்கான கூரை, அகழி, படம் பிடிக்கும் கூட்டம். பார்க்க அழகுதான். ஆனால் ஒஸாகாவில் இன்று நிற்பது 1931இல் கொங்கிறீற்றால் எழுப்பிய கோபுரம். நாகோயாவில் இருந்தது 1945ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் எரிந்து, 1959இல் மீளக் கட்டப்பட்டது. பழைய மரக் கோபுரம் எஞ்சியிருக்கும் கோட்டைகள் அந்த நாடு முழுவதிலும் பன்னிரண்டு மாத்திரமே. ஹிமேஜி அவற்றில் ஒன்று.

முப்பத்து மூன்று வருடங்கள் பாடசாலையில் வரலாறு படிப்பித்தவன் நான். எந்த அரசன் எப்போது வந்தான், யாரை வென்றான், என்ன கட்டினான் என்பதைத்தான் கரும்பலகையில் எழுதினேன். தோற்றவனின் பெயர் பெரும்பாலும் வென்றவனின் வாக்கியத்தில் செயப்படுபொருளாக மட்டும் வரும். ஓய்வு பெற்ற பிறகுதான் அது என்னை உறுத்தத் தொடங்கியது. ஆகவே வென்றவர்களின் கோட்டைகளைப் பார்த்து முடிந்ததும், தோற்ற ஒருவனின் கோட்டையையும் பார்க்க வேண்டும் என்றேன். நான் தெரிந்தெடுத்த இடம் ஒடானி.

பீவா என்பது ஜப்பானின் மிகப் பெரிய வாவி. அதன் வடகிழக்கே, இன்றைய ஷிகா மாகாணத்தின் நாகஹாமா நகர எல்லைக்குள், 495 மீற்றர் உயரத்தில் நிற்கிறது ஒடானி மலை. நாகோயாவிலிருந்து ஓகாகி, மைபாரா என்று புகையிரதம் மாறி, கவாகெ என்ற சிறிய நிலையத்தில் இறங்கினோம். நிலையத்தின் முன்னால் ஓர் ஆணும் பெண்ணுமாக ஒரு சிலை. ஆண் அஸாய் நாகமாஸா, கோட்டையின் கடைசித் தலைவன். பெண் அவனுடைய மனைவி ஓ-இச்சி. அவனை அழித்தவனின் தங்கையும் அவள்தான்.

நிலையத்திலிருந்து வயல்களின் ஊடாக நடந்தோம். அறுவடை முடிந்து அடிக்கட்டை மட்டும் நின்ற வயல்கள். மலையடிவாரத்தில், 2007இல் திறக்கப்பட்ட ஒரு சிறிய நூதனசாலை இருக்கிறது. அதைத் தாண்டினால் ஏற்றம். கரடி நடமாட்டம் உள்ள மலை என்று எச்சரிக்கைப் பலகை நின்றது. மகன் எனது பையில் ஒரு சிறிய மணியைக் கட்டிவிட்டான். மணிச் சத்தம் கேட்டால் கரடி தானாகவே விலகிப் போகுமாம். ஆட்டுக்குட்டி போலக் கிணுகிணுத்துக்கொண்டு நான் ஏறத் தொடங்கினேன்.

கோட்டை என்றதும் நம் மனதில் மதில்தான் எழும். ஜப்பானின் மத்தியகால மலைக்கோட்டைக்கு அந்தப் படம் பொருந்தாது. 1467 முதல் 1477 வரை கியோத்தோவில் நடந்த ஓனின் போருக்குப் பிறகு மத்திய ஆட்சி வெறும் பெயரளவில்தான் இருந்தது. அதன் பின்னர் ஏறத்தாழ நூறு வருடங்கள் அந்த நாட்டில் மாகாணத்துக்கு மாகாணம், பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்குச் சண்டை. செங்கோகு, அதாவது போரிடும் நாடுகளின் காலம் என்று அதனை அழைப்பர். அக்காலத்தில் தலைவன் என்று சொல்லிக்கொண்ட ஒவ்வொருவனும் ஒரு மலையைப் பிடித்தான். ஜப்பான் முழுவதிலும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோட்டைத் தடங்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை நாம் படங்களில் காணும் வெள்ளைக் கோபுரங்கள் அல்ல, மண்ணை வெட்டி உண்டாக்கியவை.

அவற்றின் உபாயம் எளிது. மலைமுதுகைப் படிப்படியாக வெட்டிச் சமப்படுத்தினால் வளவுகள் கிடைக்கும். ஜப்பானியர் இதனை 'மாரு' என்பார்கள். நம் ஊர்ப் பேச்சில் வளவு என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வளவின் ஓரத்தைச் செங்குத்தாகச் செதுக்கிவிட்டால் ஏற முடியாது. மலைமுதுகின் குறுக்கே ஆழமாக ஒரு வெட்டு வெட்டினால், முதுகு வழியாக ஓடிவரும் பகைவன் அங்கே நின்றாக வேண்டும். சரிவில் மேலிருந்து கீழாகப் பள்ளங்கள் கீறிவிட்டால் அவனால் பக்கவாட்டில் நகர முடியாது. வளவின் மேல் மரவேலியும் மரக்கட்டடங்களும். கல் அணை மிகச் சில இடங்களில்தான். மரம் உக்கிவிடும், வெட்டு நிலைக்கும். நானூற்றைம்பது வருடங்கள் கழித்து அங்கே பார்க்கக் கிடைப்பது கட்டியது அல்ல, வெட்டியதுதான்.

ஒடானி மலை குதிரை லாடத்தைப் போலத் தெற்கு நோக்கித் திறந்திருக்கிறது. நடுவே ஷிமிசுதானி என்னும் பள்ளத்தாக்கு. அங்கேதான் தலைவர்களின் வீடுகளும் ஊழியர்களின் வீடுகளும் இருந்தன. கிழக்கு முதுகில் வரிசையாகக் கோட்டையின் முக்கிய வளவுகள். 1520களின் நடுப்பகுதி அளவில் அஸாய் சுகெமாஸா என்பவன் இதைத் தன் இருப்பிடமாக்கினான். இந்தப் பகுதியின் பழைய பிரபுக்கள் கியோகோகு குடும்பத்தினர். அவர்களுக்குக் கீழ் இருந்தவன் சுகெமாஸா. பிரபுவைப் பேரளவில் மேலே வைத்துக்கொண்டு ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். அவனுக்குப் பின் மகன் ஹிசமாஸா, பேரன் நாகமாஸா. மூன்று தலைமுறை, ஏறத்தாழ ஐம்பது வருடம். அவ்வளவுதான் அஸாய்களின் காலம்.

இவர்களை அப்பாவிகள் என்று எண்ணிவிடக் கூடாது. ஏற்றத்தின் பாதியில் ஒரு பாறை கிடக்கிறது. அதன் பெயரே தலை வைத்த கல். 1533இல் தனக்குத் துரோகம் செய்தவன் என்று கருதிய ஒருவனின் தலையைச் சுகெமாஸா அதன்மேல் வைத்துக் காட்டினான் என்பது மரபு. நாகமாஸாவோ பதினாறு வயதளவில் தன் சொந்தத் தகப்பனைத் தலைமையிலிருந்து ஒதுக்கிவிட்டு ஆட்சிக்கு வந்தவன். தோற்றவர்களைப் பற்றி எழுத வரும்போது நமக்கு ஓர் இளக்காரம் வந்துவிடும். அந்தப் பாறை எனக்கு அதைத் தடுத்தது.

'சக்குரா வெளி' என்று பெயருள்ள நீண்ட வளவில் நின்று இளைப்பாறினோம். கீழே வயல்கள், அப்பால் வாவி. வாவியில் சிக்குபு என்ற தீவு கரும்புள்ளியாகத் தெரிந்தது. அதற்கும் நமக்கும் நடுவே, மிகக் கிட்டத்தில், தாழ்ந்த ஒரு குன்று.

"அது தொராகோஸெ. நொபுநாகாட படை இருந்த இடம்" என்றான் மகன், தொலைபேசியில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே.

நான் திகைத்துப்போனேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே மூட்டிய அடுப்புப் புகை இங்கே நன்றாகத் தெரிந்திருக்கும். 1572இல் ஓடா நொபுநாகா அந்தக் குன்றில் பாசறை அமைத்தான். ஒரு வருடத்துக்கும் மேலாக இந்த மலையில் இருந்தவர்கள் ஒவ்வொரு காலையும் கண்விழித்து அந்தக் குன்றைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

நொபுநாகா மத்திய ஜப்பானைத் தன் கைக்குள் கொண்டுவந்துகொண்டிருந்த காலம் அது. அவனுடைய நாட்டுக்கும் தலைநகர் கியோத்தோவுக்கும் இடையிலே பாதை. பாதையின் ஓரத்தில் அஸாய். 1560களில் தன் தங்கை ஓ-இச்சியை நாகமாஸாவுக்கு மணமுடித்துக் கொடுத்து உறவு ஏற்படுத்திக்கொண்டான். ஆனால் அஸாய்களுக்கு வடக்கே எச்சிஸென் நாட்டின் அஸகுரா குடும்பத்தோடு பழைய நட்பு இருந்தது. 1570இல் நொபுநாகா அஸகுராவின் மீது படையெடுத்தான். மச்சானா, பழைய நண்பனா என்று வந்தபோது நாகமாஸா நண்பனின் பக்கம் நின்று நொபுநாகாவின் முதுகுப்பக்கத்தில் எழுந்தான். அவன் ஏன் அப்படிச் செய்தான் என்பது இன்றுவரை வாதிக்கப்படும் விடயம். நன்றிக்கடன் என்பார் சிலர். நொபுநாகாவின் கீழ் வெறும் ஊழியனாகிவிடுவோம் என்ற அச்சம் என்பார் வேறு சிலர். ஓ-இச்சி, இரண்டு முனையும் கட்டிய ஒரு பயற்றம் பையைத் தமையனுக்கு அனுப்பி, 'நீ இரண்டு பக்கமும் அடைபட்டுவிட்டாய்' என்று குறிப்பால் உணர்த்தினாள் என்று ஒரு கதை உண்டு. அழகான கதை. பிற்காலத்துப் புனைவு என்றே ஆய்வாளர் பலரும் கருதுகிறார்கள்.

நொபுநாகா தப்பிவிட்டான். அதே ஆண்டு கோடையில் மலைக்குத் தெற்கே அநெகாவா ஆற்றங்கரையில் பெரும் போர் நடந்தது. ஓடா, தொகுகவா படைகள் ஒரு புறம், அஸாய், அஸகுரா படைகள் மறுபுறம். அஸாய்கள் தோற்றார்கள், ஆனால் மலை விழவில்லை. மூன்று வருடம் தாங்கியது. அந்த மூன்று வருடமும் விலை கொடுத்தவர்கள் கீழே வயலில் இருந்தவர்கள். 1572இல் யோகோ, கினோமோதோ ஊர்ப் பகுதிகளை நொபுநாகாவின் படை எரித்தது. மேலே இருந்தவனுக்கு மலை இருந்தது. கீழே இருந்தவனுக்கு என்ன இருந்தது?

மீண்டும் ஏறினோம். கறுப்பு இரும்பு வாசல் என்று பெயர்கொண்ட இடத்தில் வாசல் இல்லை. இரு பக்கமும் பெரிய கற்கள் சரிந்து கிடந்தன. அதைக் கடந்ததும் திடீரென மலை அகன்றது. மரங்களுக்கிடையே புல் படர்ந்த பெரிய சமதரை. நீளம் எண்பது மீற்றருக்கு மேல் இருக்கும். பெருமண்டபம் இருந்த இடம். இதற்கு 'ஆயிரம் பாய்' என்றும் ஒரு பெயர். ஆயிரம் பாய் விரிக்கக்கூடிய இடம் என்று பொருள்.

1970களில் இங்கே அகழ்வாராய்ச்சி நடந்தது. கட்டடங்களின் அடிக்கற்கள் வெளிப்பட்டன. பல்லாயிரக்கணக்கான மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. சீனப் பீங்கான் துண்டுகளும் அவற்றோடு இருந்தன. ஆனால் பெரும்பாலானவை 'கவராகெ' என்னும் பூச்சற்ற சிறு மண்தட்டுகள். அக்காலத்து விருந்துகளில் ஒரு தடவை பாவித்துவிட்டு எறிந்துவிடுவார்கள். மலையுச்சியில் இத்தனை தட்டுகள் கிடைத்ததால், இது சண்டைக்காலத்தில் மட்டும் ஓடி ஏறும் புகலிடம் அல்ல, சடங்குகளும் விருந்துகளும் நடந்த ஆட்சிமனை என்பது உறுதியாயிற்று. நான் குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தேன்.

"வாப்பா, ஒண்டையும் எடுத்துராதீங்க" என்றான் மகன். 1937 முதல் தேசிய வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கப்படும் இடம். என் கையில் வந்ததும் ஒரு காய்ந்த இலைதான்.

அகழ்ந்தவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். எரிந்த மண் அகப்படவில்லை. தொலைக்காட்சி நாடகங்களில் ஒடானி எப்போதும் தீச்சுவாலைக்கு நடுவிலேதான் விழும். மண் அப்படிச் சொல்லவில்லை. இந்தக் கோட்டை எரிந்து அழியவில்லை. அது வெறுமையாக்கப்பட்டது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

மண்டபத்துக்குப் பின்னே ஒரு படி உயரத்தில் தலைமை வளவு. அதன் பின்னாலே மலைமுதுகைக் குறுக்காகப் பிளந்து செல்லும் பெருவெட்டு. அடியில் இறங்கி நின்றால் இரு பக்கமும் மண் தலைக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. வெட்டைத் தாண்டி ஏறினால் நடு வளவு, அடுத்து கியோகோகு வளவு, அதன் பின் சிறிய வளவு, இன்னும் மேலே ஸன்னோ வளவு. ஸன்னோவின் கிழக்குச் சரிவில், பாசி படிந்த கற்களால் ஐந்து மீற்றர் அளவு உயர்ந்து நிற்கும் ஓர் அணை இன்னும் இருக்கிறது. செதுக்காத கற்கள். ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து நிற்கின்றன.

முடிவு வந்தது இந்த வரிசையினாலேதான். 1573இன் கோடை முடிவில், மேற்கே யமமோதோயாமாக் கோட்டையின் தலைவன் கட்சி மாறினான். அஸாய்களின் வெளிக்கதவு திறந்துவிட்டது. உதவிக்கு வந்த அஸகுரா யொஷிகாகெ நிலைமையைக் கண்டு பின்வாங்கினான். நொபுநாகா அவனைத் துரத்திச் சென்று, இச்சிஜோதானி என்ற அவனுடைய தலைநகரை அழித்து, அவனும் தற்கொலை செய்துகொண்ட பின் ஒடானிக்குத் திரும்பினான். பழைய சந்திரக் கணக்கில் எட்டாம் மாதம் 27ஆம் நாள் இரவு, நொபுநாகாவின் தளபதி ஹிதெயோஷி ஷிமிசுதானிப் பக்கத்திலிருந்து செங்குத்துச் சரிவில் ஏறிக் கியோகோகு வளவைப் பிடித்தான். அதற்கு மேலே சிறிய வளவில் தகப்பன் ஹிசமாஸா. கீழே தலைமை வளவில் மகன் நாகமாஸா. நடுவில் பகைவன். கியோகோகு வளவில் நின்று மேலும் கீழும் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. படத்தில் ஒரு கோடாகத் தெரிவது இங்கே குடும்பத்தை இரண்டாக வெட்டிய இடம். தகப்பனும் மகனும் அதன்பின் ஒருவரையொருவர் காணவில்லை. ஹிசமாஸா அங்கேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

இறங்கும்போது கிளைப்பாதை ஒன்றில் திரும்பினோம். தலைமை வளவுக்குக் கீழே கிழக்குப்புறச் சரிவில் அகாவோ வளவு. மூத்த ஊழியன் அகாவோ கியோட்ஸுனாவின் வீடு இருந்த இடம். நாகமாஸா இறந்தது இங்கே. உயர்ந்த மரங்களின் கீழ் ஒரு நினைவுக்கல். வேறு எவரும் இல்லை. பையிலிருந்த மணியை நான் கையால் பொத்திக்கொண்டேன்.

அவன் என்று இறந்தான்? நொபுநாகாவின் கீழ் ஊழியம் செய்த ஓட்டா கியூஇச்சி பிற்காலத்தில் தொகுத்த வரலாற்றின்படி 27ஆம் நாள் இரவு கியோகோகு வளவு விழுந்தது, மறுநாள் நாகமாஸாவின் முடிவு. அதாவது 28. நெடுங்காலம் அதுவே திகதியாக நிலவியது. வென்றவனின் ஆள் எழுதியது, நல்ல நூலும்கூட. யார் மறுப்பது?

மறுத்தது ஒரு கடிதம். கதகிரி நவோஸதா என்ற ஊழியனுக்கு நாகமாஸா எழுதிய நன்றிக் கடிதம் ஒன்று எஞ்சியிருக்கிறது. அதன் திகதி எட்டாம் மாதம் 29. அதன் பொருள் இதுதான்: எதிர்பாராத வகையில் கோட்டைக்கு இந்நிலை வந்து, இந்த ஒரு வளவு மட்டும் எஞ்சியிருக்கிறது. எல்லோரும் நழுவிப் போய்விட்ட வேளையிலும் நீர் உள்ளேயே இருந்தீர். இதற்கு நன்றி சொல்லி முடியாது. அவ்வளவே. நிலமோ பொன்னோ தருவதாக அவன் எழுதவில்லை. கொடுப்பதற்கு அவனிடம் இருந்தது அந்த ஒரு வளவு. அதுவும் ஒரு நாளைக்குத்தான். ஒன்பதாம் மாதம் முதலாம் நாள், நம் கணக்கில் 1573 செப்டம்பர் 26, அவன் இங்கே இறந்தான் என்று இன்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். இருபத்தொன்பதாம் வயது நடந்துகொண்டிருந்தது.

பெரிய நூல் தவறவிட்ட ஒரு நாளைச் சிறிய கடதாசி ஒன்று மீட்டுக் கொடுத்திருக்கிறது. ஒரு நாள்தானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்த ஒரு நாளில்தான் அவன் தன் வாழ்க்கையின் கடைசிக் கடமையைச் செய்தான். அதுவும் இல்லையென்றால் அவன் வென்றவனின் வாக்கியத்தில் வெறும் செயப்படுபொருள்தான்.

அந்தக் கல்லின் முன் நின்றபோது என் வீட்டு விடயம் ஒன்று நினைவுக்கு வந்தது. என் மூத்தவாப்பா மௌத்தானது எந்த வருடம் என்பதில் எங்கள் குடும்பத்தில் இரண்டு கருத்து. 1957 பெருவெள்ளத்துக்கு முன்பு என்பார் வாப்பா. வெள்ளம் வடிந்து, அடுத்த போகத்தின்போதுதான் என்பார் மாமி. இதைத் தீர்த்து வைத்திருக்கக்கூடிய கடதாசிகள் இருந்த பெட்டகம் 2004 டிசம்பரில் கடலோடு போயிற்று. பெட்டகம் இருந்த காலத்தில் வரலாற்று ஆசிரியனான நான் ஒரு தடவைகூட அதைத் திறந்து ஒழுங்காக வாசிக்கவில்லை. பொலன்னறுவை இராசதானியின் ஆண்டுகள் எனக்கு மனப்பாடம்.

ஒடானி வெறுமையானது எப்படி என்று சொல்கிறேன் என்றேன். அஸாய்களின் நாட்டை ஹிதெயோஷிக்குக் கொடுத்தான் நொபுநாகா. ஹிதெயோஷிக்கு மலை பிடிக்கவில்லை. வாவியும் படகும் பாதையும் சந்திக்கும் கரைதான் வேண்டியிருந்தது. இமஹாமா என்ற ஊரை நாகஹாமா என்று பெயர் மாற்றி, அங்கே புதிய கோட்டை கட்டினான். ஒடானியின் மரங்களும் கற்களும் கீழே இறக்கப்பட்டன. மலையடிவாரத்துக் கடைத்தெருவில் இருந்த வியாபாரிகளும் கைவினைஞரும் அவ்வாறே கொண்டுபோகப்பட்டார்கள். நாகஹாமாவில் இன்றும் 'ஒடானிச் சந்தை' என்ற பெயர் கொண்ட தெருப்பகுதி இருக்கிறது. ஊர் இடம்பெயர்ந்தது, பெயரையும் கூடவே தூக்கிச் சென்றது. சற்றுத் தெற்கே ஹிகொனெக் கோட்டையின் மூன்றடுக்குக் காவல்கோபுரம் ஒன்று ஒடானியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். பின்னர் அதைக் கழற்றித் திருத்தியபோது அதற்குச் சான்று கிடைக்கவில்லை. இருந்தும் கதை நிற்கிறது. ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்க வேண்டும் என்று மனிதர் விரும்புகிறார்கள் போலும்.

வென்றவன் என்ன செய்தான்? அடுத்த புத்தாண்டு விருந்தில் அஸகுரா யொஷிகாகெ, ஹிசமாஸா, நாகமாஸா மூவரின் மண்டையோடுகளும் அரக்குப் பூசிப் பொன்தூள் இட்டு, நெருங்கிய ஊழியர்களின் முன் வைக்கப்பட்டன. அவற்றில் மது ஊற்றிக் குடித்தார்கள் என்பது பின்வந்த மிகை. கியூஇச்சி எழுதியிருப்பது வைத்துப் பார்த்தார்கள் என்பதை மட்டுமே. அதுவே போதுமானது.

கோட்டை விழுமுன் ஓ-இச்சியும் மூன்று பெண்பிள்ளைகளும் வெளியே அனுப்பப்பட்டார்கள். மூத்தவள் பெயர் சாச்சா. நம் வீடுகளில் வாப்பாவின் தம்பியை அழைக்கும் சொல் அங்கே ஒரு சிறுமியின் பெயர். இளையவர்கள் ஹட்ஸு, கோ. கோ பிறந்த வருடமே கோட்டை விழுந்த வருடம். 1582இல் நொபுநாகா தன் ஊழியன் ஒருவனாலேயே வீழ்த்தப்பட்டான். ஓ-இச்சி ஷிபதா கட்ஸுயியெ என்ற தளபதியை மணந்தாள். மறுவருடம் அவனுடைய கோட்டையையும் ஹிதெயோஷியே சூழ்ந்தான். இம்முறை அவள் வெளியே வரவில்லை. பிள்ளைகள் மட்டும் வந்தார்கள்.

தகப்பனின் கோட்டையை வீழ்த்திய ஹிதெயோஷியின் மனைவியருள் ஒருத்தியாகவே சாச்சா ஆனாள். அவனுடைய ஒரே வாரிசைப் பெற்றதும் அவள்தான். 1615இல் ஒஸாகாக் கோட்டை விழுந்தபோது மகனோடு இறந்தாள். வாழ்க்கையில் அவள் கண்ட மூன்றாவது கோட்டை வீழ்ச்சி அது. அந்த ஒஸாகாவைச் சூழ்ந்து நின்றது தொகுகவா படை. அதன் தலைவன் ஹிதெதாதாவின் மனைவி, சாச்சாவின் கடைசித் தங்கை கோ. 1614இல் இரு பக்கத்துக்கும் நடுவே சமாதானம் பேச வந்தவள் நடுவிலாள் ஹட்ஸு. இதைவிட நான் என்ன எழுத?

இந்தப் பெண்பிள்ளைகள் தகப்பனை மறக்கவில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. சாச்சா 1589இல் தாய் தகப்பன் இருவரின் உருவங்களையும் வரைவித்துக் கோயா மலையிலுள்ள ஒரு பௌத்த மடத்துக்குக் கொடுத்தாள். நாகமாஸாவின் முகமும் ஓ-இச்சியின் முகமும் நமக்குத் தெரிவது அந்தப் படங்களினால்தான். நிலைய முன்றலில் சிலை வைத்தவர்களுக்கும் அவையே வழி. 1594இல் கியோத்தோவில் தகப்பனின் நினைவாக யோகென்-இன் என்ற மடத்தைக் கட்டினாள். அது 1619இல் எரிந்தது. 1621இல் அதை மீண்டும் கட்டியவள் கோ. அக்காவின் வீட்டை அழித்தவனின் மனைவிதான், அக்கா தகப்பனுக்காகக் கட்டியதை மீண்டும் எழுப்பினாள். கோவின் மகன் இயெமிட்ஸு 1623இல் மூன்றாவது தொகுகவா ஷோகுன் ஆனான். 1632இல், இறந்து ஐம்பத்தொன்பது வருடங்களின் பின், நாகமாஸாவுக்கு அரசவையில் உயர் பதவிப் பெயர் வழங்கப்பட்டது. மண்டையோட்டுக்குப் பொன் பூசப்பட்டவன் ஷோகுனின் பாட்டன் ஆகிவிட்டான். கோவின் பேத்தி ஒருத்தி மெய்ஷோ என்ற பெயரில் ஜப்பானின் பேரரசியாகவும் அமர்ந்தாள்.

இதை நியாயம் கிடைத்த கதை என்று முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பெண்பிள்ளைகளுக்கு முன்பே நாகமாஸாவுக்கு மன்புகுமாரு என்று ஒரு மகன் இருந்தான். கோட்டை விழுந்தபோது அவனை ஒளித்து வைத்தார்கள். நொபுநாகாவின் ஆட்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். பத்து வயதுப் பிள்ளையைச் செகிகஹாரா என்ற இடத்தில் கம்பத்தில் கட்டிக் கொன்றார்கள். இதையும் எழுதி வைத்தவன் அதே கியூஇச்சிதான். வென்றவனின் நூலிலும் சில வரிகள் வென்றவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்பதை ஓர் ஆசிரியனாக நான் மாணவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

திரும்பும் புகையிரதம் மைபாராவைத் தாண்டியபோது இருட்டத் தொடங்கிவிட்டது. சற்று நேரத்தில் ஒரு நிலையத்தின் பெயரை அறிவித்தார்கள். செகிகஹாரா. ஜப்பானில் எந்தப் பாடசாலைப் பிள்ளைக்கும் தெரிந்த பெயர். 1600ஆம் ஆண்டில் தொகுகவாக்களுக்கு நாட்டைப் பெற்றுக் கொடுத்த பெரும் போர் நடந்த இடம். அங்கே இறங்குவோர் அந்தப் போர்க்களத்தைப் பார்ப்பதற்கே இறங்குவார்கள். நான் கண்ணாடியில் முகத்தை வைத்து வெளியே பார்த்தேன். விளக்குகளும் வயலின் கருமையும் தெரிந்தன.

"என்ன வாப்பா, காலெல்லாம் வலிக்கிதா?" என்றான் மகன்.

"மாமிக்கு இப்ப எத்தினை வயசிரிக்கும்?" என்று கேட்டேன்.

"எண்பத்தெட்டாம் எண்டு போன முறை சொன்னாங்க. ஏன்?"

அவனிடமிருந்து ஒரு பேனையை வாங்கிக் கொப்பியைத் திறந்தேன். ஒடானியின் வளவுகளின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருந்த பக்கத்தின் எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்தது. ஊருக்குப் போனதும் மாமியிடம் கேட்க வேண்டியவற்றை அதில் எழுதத் தொடங்கினேன். மூத்தவாப்பா மௌத்தான அன்று யார் யார் வீட்டில் இருந்தார்கள்? வெள்ளம் எதுவரை வந்தது? அந்தப் போகத்தில் வயல் செய்தது யார்? ஓகாகியில் இறங்கி மாறும்போது பதினொரு கேள்விகள் ஆகியிருந்தன.